ஜாக்குவாரா, ஆல்ஃபாவா?

பழைய கார் வாங்குகிறவர்களுக்குக் கோயம்புத்தூரில் பிலோமினாதான் குரு. ஒரு காலத்தில் பந்தயத்தில் ஓட்டியவள். வயசு நாற்பதுதான், சீடர்களோ அத்தனை பேரும் தலை நரைத்த மில் முதலாளிகள். அவர்களில் கோவர்த்தனன் உடும்புப் பிடிக்காரர். ஒரு கேள்வியைப் பிடித்தால் லேசில் விடமாட்டார்.

"அம்மணி, ஜாக்குவாரா ஆல்ஃபா ரோமியோவா? இன்னைக்குச் சாயங்காலம் சொல்லியாகணும். நான் எடுக்கலைன்னா ரெண்டும் பம்பாய் போயிருமுங்க."

இரண்டும் விற்பவரின் கொட்டகையில் நின்றன. மூக்கு நீண்ட பச்சை ஜாக்குவார் இங்கிலாந்துக்காரி. சிவப்பு ஆல்ஃபா இத்தாலிக்காரி, கச்சிதமானவள். இரண்டுக்கும் கூரை கிடையாது, இருவர்தான் உட்காரலாம்.

"உங்களுக்கு எதுங்ணா பிடிச்சிருக்கு?"

"எங்கப்பாகிட்ட இதே பச்சை ஜாக்குவார் இருந்துச்சுங்க. ஞாயித்துக்கிழமையானா என்னைக் கூட்டிக்கிட்டு மேட்டுப்பாளையம் ரோட்டுல புளியமரத்து நெழல்ல ஒரே ஓட்டம்! மில்லுல ஸ்டிரைக் வந்தப்ப வித்துட்டாரு. அன்னைக்கு நான் சோறே திங்கல. அந்தச் சந்தோசம் ஒருக்கா திரும்பக் கெடைச்சாப் போதும் அம்மணி, வேற ஒண்ணும் வேண்டாம்."

"ரெண்டையும் ஓட்டிப் பாத்துட்டு வாங்க."

முதலில் ஆல்ஃபாவை எடுத்தார். பல்லெல்லாம் தெரியத் திரும்பி வந்தார்.

"அடேங்கப்பா! மனசுல நெனைச்சாலே திரும்புதுங்க."

பிறகு ஜாக்குவார். இந்தத் தடவை முகம் தொங்கிப்போயிருந்தது.

"ஏனுங்ணா, வண்டியில ஏதாச்சும் கோளாறா?"

"ஒரு கோளாறும் இல்ல. ஆனா அப்பா கார்ல இருந்தது இதுல இல்லீங்க. என்னன்னு சொல்லத் தெரியல. பேசாம ஆல்ஃபாவையே எடுத்துக்கறேன்."

"இறங்கி இடப்பக்கம் வாங்க. நான் ஓட்டறேன்."

மேட்டுப்பாளையம் ரோட்டில் இப்போது புளியமரம் ஏது? மேம்பாலமும் ஜவுளிக்கடையும்தான். கோவர்த்தனன் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வந்தார். ஒரு பள்ளத்தில் வண்டி குலுங்கியது. அவர் கை தானாகப் போய் முன்னால் இருந்த கைப்பிடியைப் பிடித்தது. அந்தக் கையையே அவர் பார்த்தார். இடது காதில் காற்று அடித்தது. வலப்பக்கம் யாரோ கியர் மாற்றும் சத்தம் கேட்டது.

"அம்மணி... இதுதானுங்க! இதேதான்!"

பெரிய மனுஷர் என்ற கூச்சமெல்லாம் இல்லை. தேம்பித் தேம்பி அழுதார். பிலோமினா வண்டியை ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தாள்.

"இதையே எடுத்துக்கறனுங்க."

"எடுத்துட்டு யாருங்ணா ஓட்டுவாங்க?"

"நான்தான். வேற யாரு?"

சொல்லிவிட்டு ஸ்டியரிங்கைப் பார்த்தார். முகம் மாறியது. மெதுவாகச் சொன்னார்.

"எம்பொண்ணு நல்லா ஓட்டுவா. குடுங்கப்பா, குடுங்கப்பான்னு கேட்டுக் கேட்டு, இப்பக் கேக்கறதையே விட்டுட்டா. என் கார் ஒண்ணையும் நான் யாரையும் தொட விட்டதில்லீங்க."

பிலோமினா வண்டியைத் திருப்பினாள். கொட்டகை வரப்போகும் நேரத்தில் அவருக்கு மறுபடியும் பதற்றம் வந்துவிட்டது.

"அப்ப எதை எடுக்கறது அம்மணி? ரெண்டும் பம்பாய் போயிருமே!"

"போனாப் போகட்டுமுங்ணா. வீட்டுல நிக்கற ஏதாச்சும் ஒரு காரோட சாவியை அவ கையில குடுத்துட்டு, நீங்க இந்தப் பக்கம் உட்காருங்க."