இருந்தபடியே இருந்த மண்டபம்

நியூசிலாந்தின் தென்கோடியில் ஒரு சின்ன ஊர். அங்கே பதினோரு தமிழ்க் குடும்பங்கள். எல்லாருக்கும் சேர்த்து ஒரு தமிழ்ச் சங்கம். சங்கத்தில் பட்டம் வாங்காதவர் ஒருவரும் இல்லை. மூளை வேறு விஷயம், அதைப் பற்றி நான் வாயைத் திறக்கப் போவதில்லை.

சித்திரைப் புத்தாண்டு விருந்துக்கு ஊரிலிருந்த ஒரே மண்டபத்தைக் கேட்டார்கள். மேலாளர் டங்கன் சாவியைக் கொடுத்து ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"நீங்கள் வரும்போது மண்டபம் எப்படி இருந்ததோ, போகும்போதும் அப்படியே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இனி மண்டபம் கிடையாது."

தலைவர் சொக்கலிங்கம் அந்த நிபந்தனையை இரண்டு முறை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அடுத்த மாதம் அவர் மகள் கல்யாணம் அதே மண்டபத்தில்தான். அதனால் செயலாளர் அறவாழி காலையில் கதவைத் திறந்ததும் உள்ளே இருந்ததையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டார். மேடை முழுக்கத் தூசி. மூலையில் ஒட்டடை. ஜன்னலோரம் செத்த ஈ ஒன்று.

விருந்து அமர்க்களமாக நடந்தது. ஏப்பம் விட்டபடி அண்ணாந்து பார்த்த தலைவர் அலறினார்.

"ஐயையோ! ஒட்டடைய யாரு எடுத்தது?"

"நாங்கதாங்க. காலைலயே பெருக்கித் தொடைச்சிட்டோம்ல!" என்றார் அவர் மனைவி தெய்வானை, பெருமையாக.

"பெத்த பொண்ணு கல்யாணத்துல மண்ண அள்ளிப் போட்டுட்டியே!" தலைவர் அழுதே விட்டார்.

தூசி சுலபமாகக் கிடைத்தது. அவரவர் வீட்டு வேக்குவம் கிளீனரைக் கொண்டுவந்து, உள்ளே இருந்ததை மேடையில் கொட்டிச் சீராகப் பரப்பினார்கள். ஒட்டடைதான் படுத்தி எடுத்தது. கார் ஷெட்டிலிருந்து ஒரு சிலந்தியைப் பிடித்து வந்து மூலையில் விட்டார்கள். அது அசையவே இல்லை.

"வெறும் வயித்துல எப்படிங்க வேலை செய்யும்?" என்றார் அறவாழி.

இலை போட்டுப் பாயசம் வைத்தார்கள். சிலந்தி சீந்தவில்லை. ஒரு ஈ வந்து உட்கார்ந்தது.

"ஈ கெடைச்சிருச்சு! அடிங்க!" என்றார் தலைவர்.

"நாளும் கெழமையுமா உயிர்க்கொலையா? தானா சாகட்டும்," என்றார் தெய்வானை.

சங்கமே சுற்றி உட்கார்ந்து காத்திருந்தது. முக்கால் மணி நேரம் கழித்து ஈ பாயசத்தில் விழுந்து செத்தது. அதைக் கழுவித் துடைத்து ஜன்னலோரம் வைத்தார்கள். சிலந்தியும் ஒருவழியாக நூல் விட ஆரம்பித்தது.

அந்த நேரம் பார்த்து டங்கன் உள்ளே வந்தார். மேடைத் தூசியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

தலைவருக்குத் திடீரென்று ஒரு சந்தேகம். அறவாழியை ஓரமாக இழுத்தார்.

"காலைல நாம கதவத் தொறந்தப்போ இவரு உள்ள இருந்தாரா?"

"சத்தியமா இல்லீங்க தலைவரே. இருந்திருந்தா எழுதியிருப்பேனே!"

தலைவர் கண்ணைக் காட்டினார். நாலு பேர் டங்கனை மரியாதையாகத் தூக்கிக்கொண்டு போய்த் தெருவில் வைத்தார்கள். பிறகு எல்லாரும் வெளியே வந்து கதவைப் பூட்டினார்கள். அவர் கத்தியதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பாவம், கல்யாண வேலை தலைக்கு மேல் கிடந்தது.