ராஜாவைப் பார்த்து ‘உஸ்’ என்ற ஊர்

எல்லாரும் உட்கார்ந்தாயிற்றா? கால் நீட்டுகிறவர்கள் நீட்டிக்கொள்ளலாம். மடியில் முறுக்கு வைத்திருப்பவர்கள் மட்டும் கடிக்காமல் ஊறவைத்துத் தின்னுங்கள். இது சத்தத்தைப் பற்றிய கதை.

ஆறுகளுக்குப் பாலம் இல்லாத காலம் அது. ராஜாக்களுக்கு மீசையும் முரசும் ஒன்றாக வளர்ந்த காலம். அப்போது முழக்கவர்மன் என்று ஒரு ராஜா இருந்தார். சத்தம் இல்லாமல் அவருக்கு ஒன்றும் ஆகாது. எழுந்தால் முரசு. குளித்தால் கொம்பு. கொட்டாவி விட்டால் சங்கு. சாப்பிட உட்கார்ந்தால் கவளத்துக்கு ஒரு ‘டும்’. ஒருநாள் முரசடிப்பவருக்குக் காய்ச்சல் வந்து, ராஜா மதியம் வரை பட்டினி கிடந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவருடைய நாட்டின் தென்கோடியில் நாரைப்பற்று என்று ஒரு ஊர். ஊருக்கு ஒரு குளம். குளத்துக்குள் நூறு கருவேல மரம். மார்கழி பிறந்தால் போதும், நாரையும் கூழைக்கடாவும் அரிவாள் மூக்கனும் எங்கிருந்தோ கூட்டம் கூட்டமாக வந்து, கிளை தெரியாமல் கூடு கட்டிவிடும். அவற்றின் எச்சம் விழுந்த குளத்துத் தண்ணீர்தான் அந்த ஊர் வயலுக்கு உரம். அதனால் ஊரார் அந்தப் பறவைகளைப் பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வந்த மகள்களைப்போல வைத்துக்கொண்டார்கள்.

எப்படி என்று கேளுங்கள். பறவை முட்டையில் உட்கார்ந்த நாள் முதல், கடைசிக் குஞ்சு பறக்கிற நாள் வரை ஊரில் சத்தம் ஆகாது. தை மாதக் கல்யாணத்தில் மேளம் கிடையாது. மாப்பிள்ளை பூனைபோல வந்து தாலி கட்டிவிட்டுப் போவார். குலவை போட வந்த பெண்கள் நாக்கை மடக்கி வைத்துக்கொண்டு கையை மட்டும் ஆட்டுவார்கள். சண்டைகூட உண்டு. ஆனால் கிசுகிசுப்பாக.

“ஏட்டி, ஒன் கோழி எங்க வீட்டு நெல்லத் தின்னுட்டு.”

“தின்னா என்னட்டி, வயித்தக் கிழிச்சுப் பாப்பியோ?”

காதோடு காதாக இப்படித் திட்டிக்கொள்வார்கள். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு, இரண்டு தோழிகள் ரகசியம் பேசுவதுபோல இருக்கும். யாராவது குரலை உயர்த்தினால் மற்றவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: “உஸ். உக்காந்திருக்கு.”

அப்படிப்பட்ட ஊரில்தான் வெயிலுகந்தான் வந்து பிறந்தார். எருமை மேய்ப்பவர். நல்ல மனிதர். ஆனால் அந்தத் தொண்டை இருக்கிறதே, தொண்டை! “கொஞ்சம் தண்ணி குடு” என்று வீட்டில் கேட்டால் மூன்று தெருவிலிருந்து சொம்பு வரும். “ஏ கருப்பீ!” என்று எருமையைக் கூப்பிட்டால் பக்கத்து ஊர் எருமையும் வந்து வாலாட்டும்.

அவருக்கு ஒரே ஒரு ஆசை. ராஜாவின் கட்டியக்காரர் ஆக வேண்டும். வெள்ளிப் பூண் போட்ட தடியோடு ராஜாவுக்கு முன்னால் நடந்து, பட்டப் பெயர்களை ஒவ்வொன்றாக முழங்குகிறாரே, அவர்தான் கட்டியக்காரர். வருஷம் முழுவதும் கத்தலாம். கத்தினால் பாராட்டுவார்கள். இப்படியும் ஒரு வேலை உலகத்தில் உண்டா என்று நினைத்து நினைத்து வெயிலுகந்தானுக்குத் தூக்கம் வராது. வைக்கோற்போருக்குள் தலையை நுழைத்துக்கொண்டு “ராஜாதி ராஜ!” என்று கத்திப் பழகுவார். அவர் மனைவி மாடத்தி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காலைப் பிடித்து இழுப்பாள்.

“எரும மெரளுது. வெளிய வாரீயளா, இல்ல போருக்குள்ளயே சோறு வைக்கவா?”

போன வருஷம் ஒரு தப்பு நடந்துபோயிற்று. கருப்பி வயலுக்குள் இறங்கிய அவசரத்தில் மனிதர் மறந்துபோய் ஒரு குரல் கொடுத்துவிட்டார். மூன்று மரத்துப் பறவைகள் மொத்தமாக எழும்பின. அவை சுற்றிவிட்டுத் திரும்புவதற்குள் பனைமரத்துக் காக்கைகள் இறங்கிப் பதினோரு கூட்டைத் துடைத்துவிட்டுப் போய்விட்டன. வெயிலுகந்தான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அன்றிலிருந்து மார்கழி பிறந்ததும் தன் வாயில் தானே துண்டைக் கட்டிக்கொள்வார்.

இந்த வருஷத் தை மாதத்தில்தான் முழக்கவர்மன் நாடு பார்க்கக் கிளம்பினார். முன்னால் நாற்பது முரசு, பின்னால் நாற்பது கொம்பு, நடுவே யானைமேல் ராஜா. சத்தம் காற்றில் வந்ததும் நாரைப்பற்று ஊரார் போட்டது போட்டபடி ஓடினார்கள். ஊர் எல்லைக்கு அப்பாலேயே ராஜாவை மறித்துக்கொண்டு நின்றார்கள். அவசரத்தில் என்ன செய்கிறோம் என்றே தெரியாமல், தங்களுக்குள் செய்து பழகியதை அப்படியே செய்துவிட்டார்கள். அத்தனை பேரும் உதட்டில் விரலை வைத்து ராஜாவைப் பார்த்து, “உஸ்!”

முரசு நின்றது. கொம்பு நின்றது. யானைகூட நின்றது.

மந்திரிக்குத்தான் முதலில் வாய் வந்தது. மூக்கால் பேசுகிறவர் அவர். “உஸ்ஸா? யாரைப் பார்த்து உஸ்? ஏழு மலையும் எழுந்து வணங்கும் எங்கள் மாமன்னரைப் பார்த்தா உஸ்?”

“மெதுவாய்யா,” என்றார் ஊர்க்காரர் ஒருவர், பணிவாக. “உக்காந்திருக்கு.”

“மன்னர் வரும்போது எது உட்கார்ந்திருக்கிறது?”

“நாரைதான்.”

ராஜாவின் முகம் மிளகாய்ப்பழம் ஆயிற்று. “நான் வருகிறேன். நாரை உட்கார்ந்திருக்கிறதா?”

ஊரார் விளக்கிச் சொல்லப் பார்த்தார்கள். முட்டை என்றார்கள், குஞ்சு என்றார்கள், காக்கை என்றார்கள். எல்லாவற்றையும் கிசுகிசுப்பாகச் சொன்னார்கள். யானைமேல் இருப்பவருக்கு என்ன கேட்கும்? அந்த நேரம் பார்த்து, கூட்டத்துக்குப் பின்னால் நின்ற வெயிலுகந்தானின் மூக்கில் புழுதி ஏறியது. துண்டையும் மீறி ஒரு தும்மல். அடிக்காமலே நாற்பது முரசும் அதிர்ந்தன. நல்லவேளை, குளம் தூரத்தில் இருந்தது.

“யார் அது?” என்றார் ராஜா. கண்ணில் ஒரு வெளிச்சம். “அந்தத் தும்மலை இப்படி அழைத்து வாருங்கள்.”

அழைத்து வந்தார்கள். துண்டை அவிழ்த்தார்கள். ராஜா சொன்னார்: “நீ உன் ஊர்க் குளக்கரையில் ஏறு. என் முப்பத்திரண்டு பட்டத்தையும் முழங்கு. ஒரு நாரைகூட உட்கார்ந்திருக்கக் கூடாது. செய்தால் இன்றே நீ என் கட்டியக்காரன். செய்யாவிட்டால் என் நாற்பது முரசும் செய்யும்.”

வெள்ளிப் பூண் தடியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். ஐயோ, அதன் கனம்! வெயிலுகந்தான் குளத்தை நோக்கி நடந்தார். வழியில் மாடத்தி நின்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் திட்டவில்லை.

“போங்க,” என்றாள். “ஒங்க ஆசதான.”

கரையில் ஏறினார். பின்னாலேயே ராஜாவும் யானையிலிருந்து இறங்கி வந்து நின்றார். கரைக்குக் கீழே முரசும் கொம்பும் காத்து நின்றன. எதிரே, கை எட்டுகிற தூரம்போலத் தோன்றும் முதல் மரம். அதில் ஒரு நாரை வெயிலில் இறக்கையை விரித்து, அதன் நிழலில் மூன்று குஞ்சுகளை வைத்துக்கொண்டு நின்றது. வெயிலுகந்தான் மார்பு நிறைய மூச்சு இழுத்தார். இருபது வருஷம் வைக்கோலுக்குள் புதைத்த குரல் தொண்டைக்கு வந்து நின்றது. நாரை கழுத்தைத் திருப்பி அவரைப் பார்த்தது.

இழுத்த மூச்சை வெளியே விட முடியாமல், உள்ளேயும் வைக்க முடியாமல், கொஞ்சம் கொஞ்சமாக மூக்கு வழியாக விட்டார். கத்தினால் இந்தக் குஞ்சு இருக்காது. கத்தாவிட்டால் முரசு வரும், அப்போதும் இருக்காது. என்ன செய்வார், சொல்லுங்கள்?

ராஜாவின் காதருகே குனிந்தார்.

“மகாராசா, ஒரு சந்தேகம். நமக்குப் பட்டம் முப்பத்திரெண்டு. அந்த ஒத்த மரத்துல கூடு எத்தனன்னு பாத்தீயளா? நாப்பது இருக்கும்போல. கூட்டுக்கு ஒரு பட்டம் வேண்டாமா? பட்டம் எட்டாத நாரை எந்திரிக்காம இருந்துட்டா யாருக்குக் கேவலம்?”

ராஜாவுக்கு அது சுருக்கென்று தைத்தது. “மந்திரி, எண்ணு.”

“மந்திரி எண்ணுனா அது மந்திரி கணக்கு,” என்றார் வெயிலுகந்தான். “ராசா எண்ணுனாத்தான ராசா கணக்கு?”

அதுவும் சரிதானே? ராஜா புல்லில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எண்ணத் தொடங்கினார்.

பதினேழு வரை வந்தார். “ஆகா! பதினேழு! பதினாறுக்கு அடுத்து எவ்வளவு பொருத்தமாகச் சொன்னீர்கள்!” என்றார் மந்திரி. பறவைகள் கழுத்தை நீட்டின, இடம் மாறின. எண்ணிய கூடு எது, எண்ணாதது எது என்று தெரியாமல் கணக்குக் குழம்பிற்று. ராஜா மந்திரியைப் பார்த்த பார்வையில் மந்திரியின் வாய் தானாக மூடிக்கொண்டது.

மறுபடி ஒன்றிலிருந்து. இருபத்தாறு வரை வந்தார். யானை தலையை ஆட்ட, மணி ‘டணங்’ என்றது. கணக்குப் போயிற்று. “மணியில் வைக்கோலை அடை! இந்த முரசுகளையும் கொம்புகளையும் ஊருக்கு அப்பால் கொண்டுபோங்கள், மனிதன் எண்ண வேண்டாமா?” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார் ராஜா. யார் சொல்லியும் போகாத நாற்பது முரசும், ராஜா வாயாலேயே ஊரைவிட்டுப் போயின. வெயிலுகந்தான் சிரிப்பை அடக்கிக்கொண்டு தடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

மூன்றாவது தடவை ராஜா முப்பத்தொன்று வரை வந்தார். அதற்குமேல் எண்ணவில்லை. ஏன் என்றால், நிழல் கொடுத்த நாரையின் ஜோடி பறந்து வந்தது. அலகில் கொண்டுவந்த தண்ணீரைக் குஞ்சுகளின் தலைமேல் சொட்டுச் சொட்டாக விட்டது. குஞ்சுகள் சிலிர்த்துக்கொண்டன. ராஜா தன் தலைக்குமேல் குடை பிடித்து நிற்கும் ஆளை ஒருமுறை பார்த்தார். மறுபடி நாரையைப் பார்த்தார். முரசு இல்லாமல் அவர் ஒன்றைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தில், பாவம், தன்னை மறந்து கத்திவிட்டார்.

“அடேய் மந்திரி! இங்கே பாரடா!”

ராஜா குரல் அல்லவா? மரமே எழும்பியதுபோல அத்தனை பறவையும் எழும்பியது. அடுத்த நொடி பனைமரத்துக் காக்கைகள் வந்துவிட்டன. ஒன்று ஒரு முட்டையைக் கொத்தியது. இன்னொன்று, இப்போதுதான் குளித்த குஞ்சு ஒன்றைத் தூக்கிக்கொண்டு போயிற்று. அது ‘கீச்’ என்ற சத்தம் ரொம்பச் சின்னது. ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

ராஜா துள்ளி எழுந்து, காக்கைகளை விரட்டக் கையை ஓங்கினார். வெயிலுகந்தான் அந்தக் கையைப் பிடித்துவிட்டார். ராஜாவின் கையை!

“வேண்டாம் மகாராசா. கத்தாதீய. பக்கத்து மரமும் எழும்பிரும். சும்மா இருங்க. நாம சும்மா இருந்தாத்தான் அதுக வரும்.”

யானைப் படையும் குதிரைப் படையும் வைத்திருந்த ராஜா, ஒரு காக்கையை ஒன்றும் செய்ய முடியாமல் புல்லில் சும்மா இருந்தார். பறவைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. அந்த நாரையும் வந்தது. கூட்டைக் குனிந்து பார்த்தது. சுற்றுமுற்றும் பார்த்தது. பிறகு மிச்சம் இருந்த இரண்டு குஞ்சுகளுக்கு இறக்கையை விரித்தது.

ராஜா மெல்லப் பேசினார். கிசுகிசுத்துப் பழக்கம் இல்லாததால் குரல் தவளைபோல வந்தது.

“நான் எத்தனை எண்ணினேன்?”

“முப்பத்தொண்ணு மகாராசா.”

“அதில் ஒரு நாரையாவது என் பட்டத்துக்காக எழுந்ததா? பயத்தில்தானே எழுந்தது?”

‘ஆமாம்’ என்று தலையை ஆட்டினார் வெயிலுகந்தான்.

“குஞ்சு பறக்கும்வரை இந்தக் குளத்தைச் சுற்றி மூன்று காத தூரத்துக்கு முரசு கிடையாது. எனக்கும் கிடையாது,” என்றார் ராஜா. பிறகு தடியைப் பார்த்தார். “உன்னைக் கட்டியக்காரனாக்கத்தான் நினைத்தேன். இப்போது எனக்குமுன் ஒரு ஆள் கத்திக்கொண்டு போவதை நினைத்தாலே கூசுகிறது. அந்த வேலையையே எடுத்துவிடப் போகிறேன். இப்படி ஆகும் என்று தெரிந்துதான் செய்தாயா?”

“இவ்வளவு தெரியாது மகாராசா. வேல போயிரும்னு மட்டும் தெரியும்.”

“வருத்தமா?”

“ரொம்ப,” என்றார் வெயிலுகந்தான். பொய் சொல்லத் தெரியாத மனிதர். வெள்ளிப் பூண் தடியை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

ராஜா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தே போனார். மந்திரி நுனிக்காலில் போனார். வைக்கோல் அடைத்த மணியோடு யானை, திருடப் போகிறதுபோல அவர்கள் பின்னால் போயிற்று.

வெயிலுகந்தான் வெறுங்கையோடு கரையிலிருந்து இறங்கினார். மாடத்தி அங்கேயேதான் நின்றிருந்தாள்.

“கெடைக்கலயா?”

“இல்ல.” குளத்தைத் திரும்பிப் பார்த்து, “மூணுல ஒண்ணு போயிட்டு. ரெண்டு இருக்கு,” என்றார்.

மாடத்தி அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு, அந்த ஊர்ப் பெண்கள் யாரும் தெருவில் செய்யாத ஒன்றைச் செய்தாள். புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு, ஊர் பார்க்க, வீடு வரை கூட்டிக்கொண்டு போனாள்.

ஆகவே கதை கேட்டவர்களே, தன்னால் முடிகிற ஒன்றைச் சின்ன உயிர்களுக்காகச் செய்யாமல் விடுகிறவரே பெரியவர்.