கொக்குகளின் உச்சி சிவந்த கதை

பறவைகள் பேசிய அந்தக் காலத்தில், சீனத்து வடக்குச் சதுப்பில் வாழ்ந்த பெருங்கொக்குகளுக்கு ஆடத் தெரியும், பாடத் தெரியாது. கடலுக்கு அப்பால் ஜப்பானியத் தீவில் வாழ்ந்த கொக்குகளுக்குப் பாடத் தெரியும், ஆடத் தெரியாது. ஆகவே, தீவின் இளங்கொக்கு ஒன்று சதுப்புக்கு வந்து, பாட்டைக் கற்பித்து, ஆட்டத்தைக் கற்றுத் திரும்புவதென இரு கரையினரும் உடன்பட்டனர்.

அவ்வாறு வந்தவள் சயோ. சதுப்பில் அவளோடு ஒத்த வயதினளான பெய்ஹுவா அவளுக்கு ஆட்டம் கற்பித்தாள்.

"காலைத் தூக்கு என்றால், சேற்றை உதறுகிறாயே!" என்று பெய்ஹுவா சிரிப்பாள்.

"நீ பாடுவது மட்டும் என்னவாம்? தொண்டையில் மீன்முள் சிக்கிவிட்டதோ என்று பயந்தேபோனேன்" என்பாள் சயோ.

ஏச்சும் சிரிப்புமாகக் குளிர்காலம் கழிந்தது. இருவரும் தேறினர்.

கற்றதை அரங்கேற்றும் முன், கற்பித்தவரின் பெயரைச் சபையில் சொல்லவேண்டும். இரு கரைகளுக்கும் பொதுவான வழக்கம் இது. சயோவை அழைத்துச்செல்லத் தீவிலிருந்து தூதர் மொரிட்டா வந்தார். சதுப்பின் தலைவர் குவோ அவரைத் தனியே அழைத்துப் பேசினார். வேறெதிலும் ஒத்துப்போகாத அவ்விருவரும் ஒரு பொய்யில் மட்டும் ஒத்துப்போயினர்.

"பெய்ஹுவா, இந்தப் பாட்டு நம் முன்னோருடையது என்று சொல்" என்றார் குவோ.

"சயோ, இந்த ஆட்டத்தை நம் மலைக்காற்று கற்பித்தது என்று சொல். சதுப்புக்காரியின் பெயர் உன் வாயில் வந்தால், நீ தீவில் இறங்கக் கூடாது. உன் தாயின் முகத்தையும் மறந்துவிடு" என்றார் மொரிட்டா.

"ஐயா, குளிர்காலம் முழுவதும் இவளிடம் ஏச்சு வாங்கியவள் நான். காற்று என்னை எப்போது ஏசியது?"

"வாயை மூடு! தீவின் மானம் பெரிது."

என்ன மானம் இது! கையேந்திக் கற்கும்போது போகாத மானம், கற்பித்தவளின் பெயரைச் சொன்னால் மட்டும் போய்விடுமா?

சபை கூடியது. தாயின் முகம் சயோவின் கண்முன் நின்றது. ஆயினும், அவள் பெய்ஹுவாவின் எதிரில் போய் நின்று, கழுத்தைத் தாழ்த்தி வணங்கினாள்.

"எனக்கு ஆடக் கற்பித்தவள் இவள்! காற்றன்று!"

"எனக்குப் பாடக் கற்பித்தவள் இவள்! முன்னோரல்லர்!" என்று பெய்ஹுவாவும் முழங்கி, வணங்கினாள்.

அடக்கிவைத்திருந்த சினம் இருவருக்கும் தலைக்கேறியது. உச்சியின் வெண்ணிறகுகள் பொசுங்கி உதிர, தோல் செக்கச்செவேலென்று சிவந்தது.

"இனித் தீவுப்பக்கம் வராதே!" என்று கத்திவிட்டு மொரிட்டா பறந்தார்.

"யார் தடுக்கிறார் என்று பார்க்கலாம். வாடி, உன் அம்மாவிடம் நானே சொல்கிறேன்" என்றாள் பெய்ஹுவா.

இருவரும் கடலைக் கடந்தனர். தீவின் கரையில் மொரிட்டா அதற்குள் மலைக்காற்றின் பெருமையை அளந்துகொண்டிருந்தார். பெய்ஹுவா நடந்ததைச் சொன்னாள். சயோவின் தாய் மகளின் சிவந்த உச்சியைப் பார்த்தாள், மொரிட்டாவைப் பார்த்தாள்.

"தூது போனீரா, திருடப் போனீரா?" என்று கேட்டாள். அவளுடைய உச்சியும் சிவந்தது. பின்பு பெய்ஹுவாவின் முன் சென்று வணங்கினாள். கரையில் நின்ற கொக்குகளெல்லாம் சினந்து சிவந்தன. சதுப்பிலும் அதே கதைதான். இறுதியில் குவோவும் மொரிட்டாவும்கூடச் சிவந்தனர்; ஆனால், அது சினத்தால் அன்று.

அன்று முதல்தான், அக்கொக்குகள் எக்கரையில் ஆடினாலும், எதிரில் நிற்பவரை வணங்கிய பின்னரே காலைத் தூக்குகின்றன. பொய் சொன்னவரின் வழிவந்தோராலும் உச்சியின் சிவப்பை மறைக்க முடிவதில்லை.