மூடுபனிக்குக் காத்திருந்த வரையாடு

கூகைமலையின் உச்சியில் ஒரு வரையாட்டுக் கூட்டம் வாழ்ந்து வந்தது. கருங்கொம்பி என்ற பெண் ஆடுதான் அந்தக் கூட்டத்தின் தலைவி. அவள் நடந்தால் எல்லோரும் நடப்பார்கள். அவள் நின்றால் எல்லோரும் நிற்பார்கள்.

அவளுக்குச் செம்பி என்று ஒரு தங்கை இருந்தாள். அந்த ஆண்டு தை மாதக் குளிரில் செம்பி ஒரு குட்டியை ஈன்றாள். கால்கள் குச்சி குச்சியாக இருந்தாலும் பாறைக்குப் பாறை தாவும் துடுக்கான குட்டி அது.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. குட்டிகள் தம் வாழ்வின் முதல் புல்லை உச்சியில் கடிப்பதில்லை. சித்திரையில் கோடை மழை பெய்ததும், மலையின் இடுப்பில் இருக்கும் பால்புல் மேட்டுக்கு எல்லோரும் இறங்கிப் போவார்கள். அங்கே முளைத்திருக்கும் இளம்புல்லைத்தான் குட்டிகள் முதலில் கடிக்க வேண்டும். கருங்கொம்பியும் செம்பியும் அப்படித்தான் கடித்தார்கள்.

ஆனால் சில வருஷங்களாகக் கோடை மழை பொய்த்துவிட்டது. யாரும் கீழே இறங்கவில்லை. அந்த வருஷங்களில் பிறந்த குட்டிகள் உச்சியிலேயே புல் தின்று வளர்ந்துவிட்டன. கருங்கொம்பிக்கு அது பெரிய மனக்குறை.

இந்தச் சித்திரையில் ஒரு மாலை மழை பெய்தது. கருங்கொம்பி துள்ளிக் குதித்தாள்.

"செம்பி! உன் குட்டிக்குக் கொடுத்துவைத்திருக்கிறது! நாளைக்கே பால்புல் மேட்டுக்குப் போகிறோம்!"

"ஒரே ஒரு மழைதானே அக்கா பெய்தது? அதுவும் தூறல் மாதிரி."

"உனக்கு எல்லாவற்றிலும் சந்தேகம்! அந்த மேடு எப்படி இருக்கும் என்பதை மறந்துவிட்டாயா? புல்லின் நுனியெல்லாம் நீர் கோத்திருக்கும். உச்சிப்பொழுது ஆனதும் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி வரும். பக்கத்தில் நிற்கிற ஆடு கூடக் கண்ணுக்குத் தெரியாது. அம்மா நம்மைத் தேடுவதற்காகச் சீழ்க்கை அடிப்பாள். நாம் வேண்டுமென்றே பதில் கொடுக்காமல் நிற்போம்!"

"ஆமாம், அப்புறம் அம்மாவிடம் முட்டு வாங்குவோம்!" என்று செம்பி சிரித்துவிட்டாள்.

"பெரியம்மா, நானும் ஒளிந்துகொள்வேன்!" என்றது குட்டி.

மறுநாள் விடிந்ததும் கூட்டம் இறங்கத் தொடங்கியது.

வழியில் சிறிய சோலை ஒன்று இருந்தது. சிரிப்பான் குருவிகள் அங்கேதான் கூடு கட்டும். வரையாடுகள் கடந்து போகும்போது அவை கலகலவென்று சிரித்துக் கேலி செய்வது வழக்கம். இன்று சோலையில் ஒரு சத்தமும் இல்லை.

"அக்கா, குருவிகளைக் காணோமே! இப்போதெல்லாம் அவை நம் உச்சிப் புதர்களுக்கு வந்துவிட்டன. நேற்றுகூட நம் தலைக்கு மேல் கத்திக்கொண்டிருந்தன."

"குருவிகளுக்கு என்ன, ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. நட!" என்றாள் கருங்கொம்பி.

இன்னும் கீழே பாறைகளில் பாசி காய்ந்து, தொட்டால் தூளாக உதிர்ந்தது. அதையும் செம்பி காட்டினாள்.

"பாசி காயும், மறுபடி துளிர்க்கும். நட!"

வெயில் ஏறுவதற்குள் பால்புல் மேடு வந்துவிட்டது. புல் இருந்தது. ஆனால் மஞ்சளும் பச்சையுமாக, முரட்டுத் தாளாக இருந்தது. மேட்டின் நடுவே இருந்த பெரிய பாறையின் மேல் ஒரு மயில் நின்றுகொண்டிருந்தான்.

"யாரது? சொல்லாமல் கொள்ளாமல் என் மேட்டுக்குள் நுழைவது?" என்று அவன் அகவினான்.

கருங்கொம்பிக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "உன் மேடா? என் அம்மா முதல் புல் கடித்த இடம் இது! அடிவாரத்துப் புளியமரத்தில் தூங்குகிற மயிலுக்கு இங்கே என்ன வேலை?"

"அடிவாரத்தில் பிறந்தவன்தான். என் பெயர் சிலுப்பன். ஒருமுறை வாலிப முறுக்கில் இந்தப் பாறை வரைக்கும் ஏறி வந்தேன். அப்பப்பா! பனி என் கால்களைக் கடித்துவிட்டது. தோகை நனைந்து கோணிச் சாக்காகக் கனத்தது. போதுமடா சாமி என்று ஓடிவிட்டேன்!"

கருங்கொம்பி கண்களை அகல விரித்தாள். "அது நீதானா? பாதி வழியில் உருண்டு விழுந்தாயே! நாங்கள் எல்லோரும் மேலே நின்று பார்த்துச் சிரித்தோமே!"

"சிரித்தீர்களா? காதில் விழுந்தது. அப்போது வெட்கமாக இருந்தது."

"அப்படி ஓடியவன் இப்போது எப்படி வந்தாய்?"

"நானாக வரவில்லை, தலைவியம்மா. எனக்குப் பழகிய வெயில் மேலே ஏறி வந்தது. அதன் பின்னாலேயே நானும் வந்தேன். இந்த மேட்டுக்கு வேலி என்று எதுவும் கிடையாது. குளிர்தான் வேலியாக இருந்தது. அது போய்விட்டது. எனக்கு இது இப்போது அடிவாரம் மாதிரிதான் இருக்கிறது."

"உளறாதே! உச்சிப்பொழுது ஆகட்டும், மூடுபனி வரும். அப்போது தெரியும் நீ எப்படி உருண்டு ஓடப்போகிறாய் என்று!"

சிலுப்பன் கழுத்தைச் சாய்த்து அவளைப் பார்த்தான். "மூடுபனியா? நான் குடியேறிய பிறகு அதைப் பார்த்ததே இல்லையே!"

"நீ பார்க்காவிட்டால் அது இல்லையென்று ஆகிவிடுமா?" கருங்கொம்பி கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "யாரும் நகரக் கூடாது! மேட்டின் நடுவிலேயே நில்லுங்கள். குட்டி வெயிலில் புல் கடிக்கக் கூடாது. பனி வந்து புல் நனைந்த பிறகுதான் கடிக்க வேண்டும். நம் வழக்கம் அதுதான்."

எல்லோரும் நின்றார்கள். வெயில் ஏறியது. வரையாட்டின் உடம்பு குளிருக்காக அமைந்தது. அடர்ந்த முரட்டு ரோமம் உடம்புச் சூட்டை வெளியே விடாது. உச்சிக் காற்றில் போர்வையாக இருந்த ரோமம், இங்கே அடுப்பின் மேல் வைத்த மூடியாக இருந்தது. ஒவ்வொரு ஆடாக வாயைத் திறந்து இரைக்க ஆரம்பித்தது.

"அக்கா, பாறை நிழலுக்காவது போகலாமே!"

"இன்னும் கொஞ்சம் பொறு. அதோ, பள்ளத்தாக்கில் வெள்ளையாகத் தெரிகிறது பார்!"

"அது தூசி அக்கா."

உச்சிப்பொழுது வந்தது. மூடுபனி வரவில்லை. கருங்கொம்பி பள்ளத்தாக்கிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. அவள் மனதுக்குள் பனி ஏறிக்கொண்டுதான் இருந்தது. அம்மாவின் சீழ்க்கை கூடக் கேட்டது.

அப்போது செம்பியின் அலறல் கேட்டது.

"ஐயோ! என் குட்டி!"

குட்டி புல்லின் மேல் சாய்ந்து கிடந்தது. நாக்கு வெளியே தொங்கியது. வயிறு படபடவென்று அடித்துக்கொண்டது. "எழுந்திருடா கண்ணு, எழுந்திரு!" என்று செம்பி மூக்கால் நெம்பினாள். அது தலையைத் தூக்கப் பார்த்தது, முடியவில்லை.

"உன் தோகையை விரி! குட்டிக்கு நிழல் கொடு!" என்று கருங்கொம்பி மயிலிடம் கத்தினாள்.

"என் தோகை நிழல் சல்லடை நிழல், தாயே! அதை நம்பினால் குட்டி பிழைக்காது!" என்று சொல்லிக்கொண்டே சிலுப்பன் பாறையிலிருந்து குதித்தான். "இந்த வெயிலில் நான் எப்படி வாழ்கிறேன் என்று நினைத்தாய்? உச்சிப்பொழுதில் வெட்டவெளியில் நிற்கவே மாட்டேன். பாறைக்குப் பின்னால் ஒரு பிளவு இருக்கிறது. உள்ளே நீர் கசியும். தூக்குங்கள் குட்டியை!"

கருங்கொம்பி ஒரு கணம் பள்ளத்தாக்கைப் பார்த்தாள். ஒரு கணம் குட்டியைப் பார்த்தாள். பிறகு பள்ளத்தாக்குக்கு முதுகைத் திருப்பினாள்.

அவள் கொம்பால் தள்ள, செம்பி மூக்கால் நெம்ப, குட்டியை மெல்ல மெல்லப் பிளவுக்குள் நகர்த்தினார்கள். உள்ளே இருட்டாக, குளுமையாக இருந்தது. பாறை இடுக்கிலிருந்து நீர் சொட்டியது. செம்பி அதை நக்கி நக்கிக் குட்டியின் முகத்திலும் காதிலும் தடவினாள். சிலுப்பன் வாசலில் நின்று சிறகை அடித்து விசிறினான்.

வெயில் சாயும் நேரத்தில் குட்டி கண்ணைத் திறந்தது.

"பெரியம்மா, பனி வந்துவிட்டதா? நான் ஒளிந்துகொள்ளட்டுமா?"

கருங்கொம்பி குனிந்து அதன் நெற்றியை நக்கினாள். "வரவில்லை கண்ணு. வராது. நான் உங்களைப் பால்புல் மேட்டுக்கு அழைத்து வந்ததாக நினைத்தேன். ஆனால் போய்விட்ட வருஷங்களுக்குத்தான் அழைத்து வந்திருக்கிறேன்." பிறகு தங்கையிடம் திரும்பினாள். "நீ வழியெல்லாம் சொன்னாய், செம்பி. நான் கேட்கவில்லை."

"குட்டி பிழைத்ததே போதும், அக்கா. உனக்கு மட்டுமா, எனக்கும் அந்தப் பனியைப் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது."

மாலை குளிர்ந்ததும் கூட்டம் மேலே ஏறப் புறப்பட்டது. சிலுப்பன் சிறிது தூரம் கூட வந்தான்.

"கோபம் இல்லையே, தலைவியம்மா? உன் மேட்டைப் பிடுங்க வேண்டும் என்று நான் வரவில்லை. அடிவாரத்தில் இன்னும் சூடு ஏறினால், நான் இதைவிட மேலேதான் வர வேண்டியிருக்கும். எனக்கு மேலே இன்னும் மலை இருக்கிறது. உனக்கு?"

கருங்கொம்பி அண்ணாந்து பார்த்தாள். மலை மேலே போகப் போகச் சிறுத்துக்கொண்டே போனது. உச்சிக்கு மேலே வானம்தான் இருந்தது.

"நல்லபடியாகப் போய்ச் சேருங்கள்," என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு மயில் திரும்பினான்.

மறுநாள் காலையில் உச்சியில் குளிர்ந்த காற்று வீசியது. கருங்கொம்பி குட்டியை ஒரு பாறையின் ஓரத்துக்கு அழைத்துப் போனாள்.

"இங்கேயே கடி, கண்ணு."

"பால்புல் மேட்டில்தானே கடிக்க வேண்டும் என்றாய்?"

"நேற்று வரைக்கும் சொன்னேன். இன்றைக்கு இதைச் சொல்கிறேன். கடி!"

குட்டி கடித்தது. முகத்தைச் சுளித்தது. பிறகு மறுபடி ஒரு வாய் கடித்தது. செம்பி அக்காவின் கழுத்தோடு கழுத்தை உரசிக்கொண்டு நின்றாள்.

அதன் பிறகு ஒவ்வொரு சித்திரையிலும் கோடை மழை பெய்தால் கருங்கொம்பி மட்டும் தனியாகக் கீழே இறங்குவாள். விடியலிலேயே போய், முந்தின நாள் பனி வந்துபோன ஈரம் இருக்கிறதா என்று பாசியைத் தொட்டுப் பார்ப்பாள். காற்றை மோந்து பார்ப்பாள். வெயில் ஏறுவதற்குள் திரும்பி வந்துவிடுவாள். குட்டிகள் ஓடிவந்து சூழ்ந்துகொண்டு, "பனி இருந்ததா?" என்று கேட்கும்.

"இந்த வருஷமும் இல்லை," என்பாள் கருங்கொம்பி. "ஆனால் அங்கே முன்பு எப்படி இருந்தது தெரியுமா?" என்று சொல்லத் தொடங்குவாள். குட்டிகள் உச்சியின் குளிர்ந்த புல்லில் படுத்துக்கொண்டு கேட்கும்.

குழந்தைகளே, நாம் நேசித்த இடத்தை எத்தனை காலம் வேண்டுமானாலும் நினைத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் நம்மை நம்பி வருகிறவர்களை அங்கே அழைத்துப் போகும் முன், அந்த இடம் இன்று எப்படி இருக்கிறது என்று கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும்.