காப்புச் செய்யுள் இல்லாத நூல்

காலையில் ஓர் ஆணை, மாலையில் அதற்கு மாறாக ஓர் ஆணை என்று வாழ்ந்த வீரகண்டன் என்னும் அரசன், வெகுகாலத்துக்கு முன்பு சுழியாற்று நாட்டை ஆண்டு வந்தான். ஓர் ஆடிப் பெருக்கில் ஓடம் கவிழ்ந்து ஒன்பது பேர் இறந்தார்கள். அரசன் அன்று சாப்பிடவில்லை.

"வெள்ளத்தில் எங்கே கடக்கலாம், எப்போது கடக்கக் கூடாது என்று ஒரு நூல் வேண்டும். யார் எழுதுவது?" என்று அவையில் கேட்டான்.

அவைப் புலவர் சொக்கேசர் எழுந்தார். அரசுப் பாடசாலையில் படிக்கும் மருதையனின் பாட்டை அரசன் ஒருமுறை பாராட்டியது முதல் அவருக்கு வயிற்றெரிச்சல். "ஓடக்காரன் மகன் ஒருவன் நம் பாடசாலையில் படிக்கிறானே, அரசே! துடுப்பிலும் எழுத்து முளைக்குமா என்று பார்த்துவிடலாம்" என்றார்.

அவை சிரித்தது. அரசனுக்கோ அந்த யோசனை பிடித்துவிட்டது. மருதையனை வரவழைத்தான். "நாற்பத்தெட்டு நாள் தருகிறேன். முடித்தால் ஆற்றங்கரைப் பிள்ளைகள் எல்லோருக்கும் பாடசாலை திறந்திருக்கும். முடிக்காவிட்டால் அந்தக் கரையிலிருந்து இனி ஒருவரும் உள்ளே வர முடியாது."

மருதையன் தன் குடும்பத்தில் முதன்முதலாக எழுத்துக் கற்றவன். அவன் தங்கை செங்கமலமும் கரையிலிருந்த மற்றப் பிள்ளைகளும் ஈர மணலில் விரலால் அகரம் எழுதிக்கொண்டு தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள்.

பாடசாலையில் அவனுக்கு அறுபது பதப்படுத்திய ஓலைகள் கொடுத்தார்கள். எந்த நூலும் கடவுளை வேண்டும் காப்புச் செய்யுளோடுதான் தொடங்க வேண்டும் என்பது அந்நாட்டு வழக்கம். மருதையன் அதை எழுத உட்கார்ந்தான். முதல் அடி சப்பென்று இருந்தது. ஓலையைத் தூக்கிப் போட்டான். மறுநாள் எழுத்தாணி மொட்டை என்று தோன்றியது, தீட்டினான். அடுத்த நாள் ஓலைக்கட்டுக் கயிற்றின் முடிச்சு சரியில்லை, அவிழ்த்துக் கட்டினான். 'காப்பே பிசகினால் புலவர் சிரிப்பாரே! ஓடக்காரன் புத்தி என்று கரையையே பழிப்பாரே!' என்ற பயம் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. ஆற்றைப் பற்றி அவனுக்குத் தெரியாதது இல்லை. ஆனால் எழுத்தில் ஆறு வரைக்கும் அவன் போகவே இல்லை.

வாரந்தோறும் செங்கமலம் வருவாள். "அண்ணே, முடிச்சிட்டியா?"

"ஆகிட்டு இருக்கு, போ."

நாற்பத்தைந்தாம் நாள் அவள், "ஒரு ஓலையாவது படிச்சுக் காட்டேன்" என்றாள். அவன் கட்டைத் திறந்தான். நாற்பத்தெட்டு ஓலைகள் பாழாகியிருந்தன. பன்னிரண்டுதான் மிச்சம். புதிய ஓலையை வேகவைத்து உலர்த்திப் பதப்படுத்த ஒரு வாரம் ஆகும். தங்கையின் முகத்தை அவனால் பார்க்க முடியவில்லை. "ஒண்ணுமே எழுதலம்மா" என்றான்.

அவள் அழவில்லை. எழுந்து போய்விட்டாள். அதுதான் அவனை அறுத்தது.

காப்பை விட்டுவிட்டு, 'செந்நீர் சுழித்து வந்தால் ஓடத்தை அவிழ்க்காதே' என்று நேராக ஆற்றைப் பற்றியே எழுத இறங்கினான். மூன்று நாளில் பன்னிரண்டு ஓலைகளும் நிறைந்தன.

நாற்பத்தெட்டாம் நாள் அவையில் சொக்கேசர் கட்டைப் பிரித்தார். "காப்பு எங்கே? தலையில்லாத முண்டத்தையா அரசருக்குக் கொண்டுவந்தாய்?"

"நாற்பத்தைந்து நாள் அதோடுதான் போராடினேன், ஐயா. வரவில்லை. இந்த நூல் மூன்று நாளில் எழுதியது" என்றான் மருதையன்.

"கேட்டீர்களா அரசே! நாற்பத்தைந்து நாளாம்! காப்புச் செய்யுள் எனக்குக் கொட்டாவி விடும் நேரம்!"

அரசன் முகம் சிவந்தது. "காப்பில்லாதது நூலே அல்ல. பாடசாலைக் கதவை..."

"அரசே, ஒரு விண்ணப்பம்" என்று மருதையன் குறுக்கிட்டான். "ஒருவர் நூலுக்கு இன்னொருவர் காப்புப் பாடித் தருவதும் நம் வழக்கம்தானே? புலவருக்கோ கொட்டாவி நேரம் போதும். நான் ஒரு நாழிகையே தருகிறேன். அவர் பாடினால் நூல் முழுமையாகிவிடும்."

அரசன் ஆவலோடு நிமிர்ந்து உட்கார்ந்தான். "நல்ல யோசனை! நாழிகை வட்டிலை வையுங்கள்!"

அடியில் துளையிட்ட செப்புக் கிண்ணம் தண்ணீரில் மிதந்தது. அது மூழ்கினால் ஒரு நாழிகை.

"கார்முகில்..." என்று தொடங்கினார் சொக்கேசர். "இல்லை, கருமுகில். பொறுங்கள், முதலில் பிள்ளையாரா, வருணனா?" கண்ணை மூடினார், திறந்தார். சால்வையைச் சரிசெய்தார். தண்ணீர் கேட்டார். அவை முழுவதும் அவர் வாயையே பார்த்தது. மறுபடி "கார்முகில்" என்றார். கிண்ணம் களக்கென்று மூழ்கியது.

அவை கொல்லென்று சிரித்தது. மருதையன் சிரிக்கவில்லை. அந்த முகத்தை நாற்பத்தைந்து நாள் அவனே சுமந்திருந்தான்.

"இவரை அவையை விட்டே வெளியேற்றுங்கள்!" என்றான் அரசன்.

"வேண்டாம், அரசே. அவருக்குப் புலமை குறையவில்லை. இத்தனை பேர் பார்க்கும்போது பிசகிவிடுமோ என்ற பயம்தான் வாயை அடைத்தது. எனக்குத் தெரியும்."

சொக்கேசர் தலை குனிந்தார். அரசன் சற்று யோசித்தான். "சரி. இந்த நூலை இப்படியே, காப்பில்லாமலே, துறைக்கு ஒன்றாகப் படியெடுத்துக் கொடுப்பது புலவர் பொறுப்பு. பாடசாலை ஆற்றங்கரைப் பிள்ளைகளுக்குத் திறந்தே இருக்கும். நாளைக்கே வரச் சொல்." பிறகு மருதையனைப் பார்த்தான். "அடுத்து ஏரி மதகுகளைப் பற்றி ஒரு நூல் வேண்டும். அதையாவது காலத்தோடு தொடங்குவாயா?"

ஆமென்று சொல்லிவிட்டால் போதும். ஆனால் அவனுக்குப் பொய் வரவில்லை. "அப்போதும் பயம் வரும், அரசே. தள்ளிப் போடத்தான் தோன்றும். இப்போதே ஓர் ஓலை கொடுத்தால் நல்லது."

ஓலை வந்தது. தூணோரமாக உட்கார்ந்து, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மதகைப் பற்றித் தெரிந்த ஒரு வரியை எழுதினான். எழுத்துக் கோணிக்கொண்டது. ஓலையை அவன் தூக்கிப் போடவில்லை. கோணல் வரிக்குக் கீழே அடுத்த வரியைத் தொடங்கினான்.