ஆளுக்கேற்றபடி

வற்றாநதி என்று அந்த ஆற்றுக்குப் பெயர் வைத்தவர் யாரோ, பெரிய அவசரக்காரர். நெட்டூர் நாட்டில் மூன்று வருஷமாக அதில் மணல்தான் கிடந்தது.

உயிரோடு இருப்பவர்கள் கிணற்றுத் தண்ணீரில் காலம் தள்ளினார்கள். செத்தவர்கள் என்ன செய்வது? எரித்த மறுநாள் சாம்பலை ஆற்றில் கரைப்பது அங்கே வழக்கம். கரைக்கத் தண்ணீர் இல்லை. ஆகவே சாம்பலைக் கலயத்தில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, சுடுகாட்டு வாகை மரத்தில் தொங்கவிட்டார்கள். ஆறு வந்ததும் இறக்கிக் கரைத்துக்கொள்ளலாம் என்று எண்ணம். மூன்று வருஷத்தில் அந்த மரத்தில் இலையைவிடக் கலயம் அதிகமாகிவிட்டது.

ஆடிக் காற்று அடித்தது. ஒரே நாளில் ஒன்பது கலயங்கள் உடைந்தன. ராஜாவின் சித்தப்பா கலயம் தப்பியது. ஆனால் பக்கத்துக் கலயத்தோடு ஓயாமல் முட்டிக்கொண்டிருந்தது. உயிரோடு இருந்தபோதும் அவர் அப்படித்தான், அதை விடுங்கள்.

ராஜாவுக்கு மனசு கேட்கவில்லை. "ஆற்றங்கரையில் ஒரு கல்மண்டபம் கட்டுங்கள். சுவரெல்லாம் மாடம் வைத்து, கலயங்களை அதில் வையுங்கள். தண்ணீர் வரும்வரை நிம்மதியாக இருக்கட்டும்" என்றார்.

மறுநாளே மந்திரி விசயராயர் வரைபடத்தோடு வந்தார். ராஜ குடும்பத்துக்கு ஆள் உயர மாடம். மந்திரி குடும்பத்துக்கு அதில் முக்கால். சேனாபதிக்குப் பாதி. மொத்தம் நாற்பது மாடம். அதோடு சுவர் தீர்ந்துவிட்டது.

"மற்ற ஜனங்களுக்கு?" என்று கேட்டான் செவ்வந்தியப்பன். சபையில் ராஜாவுக்கு யோசனை சொல்வதும், இடையிடையே சிரிப்பு மூட்டுவதும் அவன் வேலை.

"அவர்களுக்கு மரம் பழகிவிட்டது" என்றார் மந்திரி.

ராஜா தாடையைச் சொறிந்தார். யாரையும் பகைத்துக்கொள்ள விரும்பாத ராஜா அவர். கடைசியில், 'ஆளுக்கேற்றபடி மாடம் அமைக்கவும்' என்று ஓலையில் எழுதச் சொல்லி முத்திரை வைத்தார்.

மந்திரிக்குப் பரம சந்தோஷம். "வேலையைச் செவ்வந்தியப்பனிடமே கொடுங்கள் மகாராஜா. ஆனால் ஆணையில் ஓர் எழுத்து மீறினாலும் அவன் நாட்டை விட்டுப் போகவேண்டும்" என்றார். ராஜாவும் யோசிக்காமல் தலையாட்டிவிட்டார்.

ஓலையை இடுப்பில் செருகிக்கொண்டு செவ்வந்தியப்பன் கடைத்தெரு வழியாக நடந்தான். உப்புக்காரி காத்தாயி உப்பைப் படியில் குவித்து, விளிம்புக்கு மேல் நிற்பதை உள்ளங்கையால் வழித்துத் தலைதட்டி அளந்துகொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் படியோடு எழுந்து ஓடிவந்தாள்.

"சாமி, ராசாவோட சித்தப்பா இடிக்கிறாரே, அந்தப் பக்கத்துக் கலயம் எங்க வீட்டுக்காரரோடது. விரிசல் விட்டுருச்சு. காத்தடிச்சா எனக்குத் தூக்கமே இல்ல. ஆத்துல கரைக்கிறேன்னு அவருக்கு வாக்குக் குடுத்திருக்கேன். அதுவரைக்கும் மண்டபத்துல ஒரு மூலை கெடைக்குமா?"

"உன் வீட்டுக்காரர் எவ்வளவு பெரிய ஆள் தாயி?"

"ஆறடி இருப்பாரு. வாசல்ல குனிஞ்சுதான் வருவாரு. இப்ப இந்தப் படிக்குள்ள அடங்கிட்டாரு."

செவ்வந்தியப்பன் படியைப் பார்த்தான். இடுப்பிலிருந்த ஓலையை எடுத்துப் பார்த்தான். மறுபடியும் படியைப் பார்த்தான்.

"இதைக் கொஞ்ச நாள் இரவல் கொடு" என்றான்.

புரட்டாசியில் மண்டபம் எழுந்தது. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மாடங்கள், நானூறு. எல்லாம் ஒரே அளவு. ஒவ்வொன்றிலும் ஒரு கலயம் கச்சிதமாக உட்காரும்.

"எங்கள் அப்பாவின் மாடம் எங்கே?" என்று கேட்டார் விசயராயர்.

"மூன்றாவது வரிசை. உப்புக்காரருக்குப் பக்கத்தில்."

"பார்த்தீர்களா மகாராஜா, ஆணையை மீறிவிட்டான்!"

செவ்வந்தியப்பன் ஓலையை நீட்டினான். "ஓர் எழுத்தும் மீறவில்லை. ஆளுக்கு ஏற்ற படி என்று எழுதியிருக்கிறது. எந்தப் படி ஆளுக்கு ஏற்றது என்று தேடினேன்." காத்தாயியின் உப்புப் படியை ராஜா முன்னால் வைத்தான். "இதுதான். ஆளுக்கு ஒரு படி. அது கொள்ளும் அளவுக்கு மாடம்."

மந்திரி விடவில்லை. "வார்த்தையில் விளையாடுகிறான். எங்கள் அப்பா ஏறினால் யானையே முனகும். அவரும் உப்புக்காரனும் ஒன்றா?"

"வேறு வேறு என்றால் பெற்ற பிள்ளைக்குத் தெரியாமல் போகுமா?" என்ற செவ்வந்தியப்பன், வெள்ளைத் துணி சுற்றிய இரண்டு கலயங்களைக் கொண்டுவந்து வைத்தான். "ஒன்று உங்கள் அப்பா. எடுத்துக்கொள்ளுங்கள்."

மந்திரி ஒன்றைத் தூக்கினார். வைத்தார். இன்னொன்றைத் தூக்கினார். அது ஒரு துளி கனமாக இருந்தது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"கனமே சொல்கிறதே. இவர்தான் எங்கள் அப்பா."

கூட்டத்தில் நின்ற காத்தாயி துணிக்கடியில் தன் கையால் கட்டிய மஞ்சள் கயிற்றைப் பார்த்துவிட்டாள்.

"அய்யா, அது எங்க வீட்டுக்காரரு" என்றாள் மெதுவாக.

மந்திரிக்குக் கலயத்தைக் கீழே வைப்பதா, கொடுப்பதா என்று தெரியவில்லை. காத்தாயி இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டாள். தானே கொண்டுபோய் மாடத்தில் வைத்தாள். இரண்டு மாதமாகத் தூங்காதவள், கலயம் அசைகிறதா என்று ஒரு முறை தொட்டுப் பார்த்தாள். அசையவில்லை. அவள் முகம் தெளிந்ததைப் பார்த்தபோது செவ்வந்தியப்பனுக்கே கண் கலங்கிவிட்டது.

ராஜா சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார். "எல்லாம் சரி. நாளைக்கு நான் வந்தாலும் இதே மாடம்தானா? ராஜாவுக்கென்று ஒரு சலுகைகூடக் கிடையாதா?"

"ஒன்று உண்டு மகாராஜா. மற்றவர்களைத் தலைதட்டி அளப்போம். தங்களைத் தலைதட்டாமல் அளப்போம். ராஜா தலையைத் தட்ட எவனுக்குத் தைரியம் வரும்?"

கிரீடம் நழுவும்படி ராஜா சிரித்தார். செவ்வந்தியப்பனுக்கு அதே படியால் ஒரு படி முத்து அளக்கச் சொன்னார். அளந்த சேவகன் பழக்கதோஷத்தில் விளிம்பை வழிக்கக் கையை வைத்தான்.

"அடேய், தலையைத் தட்டாதே" என்றார் ராஜா.