பச்சை பட்டன்

"சுவிட்ச் நல்லாதான் இருக்கு மேடம். மரகதக்கா பயந்துபோய் உளர்றாங்க."

சுவிட்சைச் செக் பண்ணின மீட்டரை ரெஜினா மேடம் மூஞ்சிக்கு நேரா நீட்டினேன். அந்தப் பட்டறையில கரன்ட் வேலை எல்லாம் அவங்கதான். நான் அவங்ககிட்ட டிரெய்னிங் வந்த பாலிடெக்னிக் பொண்ணு.

பவர் பிரஸ்ல பச்சை பட்டனை ஒருக்கா அமுக்கினா, மேல இருக்குற வெட்டு அச்சு, அதான் டை, ஒருக்காதான் இறங்கித் தகட்டை வெட்டணும். காலைல அது தானா ரெண்டாவது தடவை இறங்கிடுச்சு. பிரஸ் ஓட்டுற மரகதக்காவோட கிளவுஸ் நுனி மட்டும் போச்சு. விரல் தப்பிச்சுது.

"நான் ஒருக்காதான் அமுக்குனேன் கண்ணு."

"அப்ப மீட்டர் பொய் சொல்லுதா?"

ஆபீஸ் ரூம்ல இருந்து ஓனர் கத்தினாரு. "மத்தியானத்துக்குள்ள மிஷின் ஓடணும்மா!"

"கேட்டீங்களா? மீட்டரே சரின்னு சொன்னப்புறம், ஒரு சுவிட்ச் சரியான்னு வேற எதை வெச்சு மேடம் பாக்குறது?"

மேடம் மெயின் போர்டு பக்கம் போயிட்டு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டாங்க.

"உக்காரு வக்கீலம்மா. டைக்கு அடியில தகடு வை."

"எதுக்கு?"

"சுவிட்ச்தான் நல்லா இருக்கே."

உக்காந்தேன். தகட்டை எடுத்தேன். கை உள்ள போகலை.

"வை."

"நான் ஆபரேட்டர் இல்ல மேடம்."

"ஏன், பயமா? மீட்டரை வேணா மடியில வெச்சுக்கோ."

தகட்டைத் தள்ளிட்டு, கையை வெடுக்குன்னு இழுத்துக்கிட்டு, விரல் நுனியால பட்டனை அமுக்கினேன்.

ஒண்ணும் இறங்கலை.

மேடம் பாக்கெட்டுல இருந்து ஃபியூஸை எடுத்துக் காட்டினாங்க.

"முதல்லயே சொல்லித் தொலைச்சா என்ன!"

"இப்ப அக்கா மாதிரி அமுக்கு."

"அக்கா எப்படி அமுக்குவாங்கன்னு எனக்கெப்படித் தெரியும்?"

"நீ கேட்டியா?"

மரகதக்கா பக்கத்துல வந்தாங்க. "என்ற கையில அடுத்த தகடு இருக்கும் கண்ணு. விரலுக்கு எங்க நேரம்? மணிக்கட்டாலதான்."

மணிக்கட்டால அமுக்கினேன். பட்டன் ஒரு பக்கமா சாஞ்சு உள்ள போச்சு.

வெளிய வரலை.

அப்படியே பாத்துக்கிட்டு இருந்தேன். அப்பவும் வரலை. பட்டன் உள்ளயே நின்னா, டை மறுபடி இறங்கத்தானே செய்யும்.

கழட்டினோம். ஸ்பிரிங்கைச் சுத்திச் சந்தனம் காஞ்சு, எண்ணெயோட கெட்டியா ஒட்டியிருந்துச்சு. போன வாரம்தான் ஆயுத பூஜை.

"யாரு இப்படிப் பட்டன்மேல அப்பினது?"

"நான்தான் கண்ணு. கைக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டு வெச்சேன்."

அந்தச் சுவிட்சைத் தூரப் போட்டேன்.

புது சுவிட்ச் மாட்டினேன். ஃபியூஸ் போட்டோம். தகடு இல்லாம, மணிக்கட்டாலயே திரும்பத் திரும்ப அமுக்கினேன். ஒவ்வொரு தடவையும் பட்டன் வெளிய வந்துச்சு, டை ஒருக்காதான் இறங்குச்சு.

மரகதக்கா இடுப்புல இருந்து குங்கும டப்பியை எடுத்தாங்க. "புதுசாச்சே. ஒரே ஒரு பொட்டு."

"இன்னுமா புத்தி வரலை உங்களுக்கு?" டப்பியைப் பிடுங்கி, குப்பைக் கூடையில எறியப்போனேன்.

மேடம் என் கையைப் பிடிச்சாங்க.

"எறியாத. நீயே வெச்சு விடு."

"எங்க, சுவிட்சுலயா?"

"அவங்க விரல்ல. ஒவ்வொண்ணா எண்ணி வை, வக்கீலம்மா. பத்து வரணும்."